பாரிஸுக்குப் போனால் பிரெஞ்சு வந்துவிடுமா?

"அங்க போய் ஆறு மாசம் இருந்தா பேச்சு தானா வந்துரும்." பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்ப யோசிக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வாக்கு இது. மணலியின் உரத் தொழிற்சாலையிலோ சுத்திகரிப்பு ஆலையிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், திருவொற்றியூரில் சிறு பட்டறை நடத்துகிறவர், எண்ணூர்த் துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறவர் என யாராக இருந்தாலும், பிள்ளையின் படிப்புக்கு வீட்டை அடகு வைக்கும் முன் இந்த வாக்கைக் கேட்டு ஆறுதல் அடைகிறார்கள். ஆங்கிலத்தைப் பொறுத்தவரை இந்த ஆறுதல் ஓரளவு செல்லும். பள்ளியிலேயே பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஆங்கிலத்தைக் கேட்ட பிறகுதான் பிள்ளை விமானம் ஏறுகிறது. பிரெஞ்சு அப்படி இல்லை. பலருக்கும் அது விமானம் ஏறும் நாளில் தொடங்குகிற மொழி.

ஒரு மொழி பேசப்படும் ஊருக்கே போய், அதிலேயே வாழ்ந்து கற்பதை மொழியியலார் 'தோய்வு முறை' என்கிறார்கள். வழக்கமான வகுப்பை விட அது வேகமானது என்ற எண்ணம் உலகமெங்கும் உண்டு. அது எவ்வளவு உண்மை, எந்த நிபந்தனையில் உண்மை, வடசென்னையிலிருந்து கிளம்பும் ஒருவருக்கு அதன் கணக்கு என்ன என்பவற்றை வரலாறு, ஆய்வு, செலவு ஆகிய மூன்று பக்கமும் வைத்துப் பார்க்க வேண்டிய நேரம் இது.

ஏன் இப்போது? முதல் காரணம் கனடா. அந்நாட்டின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி குடியேற்ற முறையில் 2023 முதல் பிரெஞ்சு அறிந்தவர்களுக்கென்று தனிச் சுற்றுகள் நடக்கின்றன. 2025 மார்ச்சில் நடந்த அப்படியொரு சுற்றில் 379 புள்ளி எடுத்தவருக்கே அழைப்பு வந்தது. அதே ஆண்டில் கனடாவில் ஏற்கெனவே வேலை பார்த்த அனுபவம் உள்ளவர்களுக்கான சுற்றுகளில் 500-க்கு மேல் தேவைப்பட்டது. இந்த வித்தியாசத்தைப் பார்த்த பிறகு, ஐஇஎல்டிஎஸ் பயிற்சி நடத்தும் கன்சல்டன்சிகளின் பலகைகளில் பிரெஞ்சும் ஏறியதில் வியப்பில்லை.

இரண்டாவது காரணம் பிரான்ஸ். 2030-க்குள் ஆண்டுக்கு 30,000 இந்திய மாணவர்களை வரவேற்பது நோக்கம் என்று 2024 ஜனவரியில், குடியரசு நாள் விருந்தினராக வந்தபோது அதிபர் மக்ரோன் அறிவித்தார். அதே மாதத்தில் பிரான்ஸில் பிறப்பிக்கப்பட்ட குடியேற்றச் சட்டம் மொழி நிபந்தனையையும் இறுக்கியது. 2026 ஜனவரி 1 முதல், குடியேறித் தங்க வருபவர் பல ஆண்டு அனுமதி அட்டை பெற ஏ2 நிலையும், பத்தாண்டு அட்டைக்கு பி1 நிலையும், குடியுரிமைக்கு பி2 நிலையும் காட்ட வேண்டும். வரவேற்பும் கண்டிப்பும் ஒன்றாகவே வந்திருக்கின்றன. மொழியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று போகிறவருக்கு இனி இடம் சுருங்கும்.

இந்த ஏ, பி, சி நிலைகள் ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட பொதுச் சட்டகத்தைச் சேர்ந்தவை. மொத்தம் ஆறு படிகள். ஏ1-இல் பெயர் சொல்லி, விலை கேட்டு, வழி விசாரிக்கலாம். பி1 வந்தால் அன்றாட வாழ்க்கையைத் தனியாகச் சமாளிக்கலாம். பி2 என்பது ஒரு பல்கலைக்கழக வகுப்பில் உட்கார்ந்து புரிந்துகொண்டு வாதாடவும் முடிகிற நிலை. பி1 வரை எட்ட ஏறத்தாழ 350 முதல் 400 வகுப்பு மணி நேரமும், பி2 வரை எட்ட 550 முதல் 650 மணி நேரமும் ஆகும் என்பது ஆசிரியர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம் தன் அதிகாரிகள் தொழில்முறையாகப் பிரெஞ்சு பேச 600 முதல் 750 மணி நேரம் ஒதுக்குகிறது. அதே அதிகாரிகள் தமிழ் கற்க 1,100 மணி நேரம். ஆங்கிலம் பேசுகிறவருக்குப் பிரெஞ்சு பக்கத்து வீடு என்பதால்தான் இந்தக் குறைந்த கணக்கு. தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வரும் மாணவர் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பிரெஞ்சுக்காரர் நடுவே போய் வாழ்ந்து பிழைப்பது வடசென்னைக்குப் புதிய யோசனை அல்ல. மூன்று நூற்றாண்டுக்கு முன்பே அந்த வழியில் போனவர்கள் உண்டு.

1709-இல் பெரம்பூரில் பிறந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவருடைய தந்தை திருவேங்கடம் பிள்ளையைப் புதுச்சேரிக்கு அழைத்தவர் மைத்துனர் நைனியப்பப் பிள்ளை. பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகர் அவர். சிறுவயதில் புதுச்சேரிக்குப் பெயர்ந்த ரங்கப் பிள்ளை பிரெஞ்சு வணிகர்களின் கிடங்குகளிலும் கணக்குகளிலும் வளர்ந்தார். 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பே அவரைத் தமிழ் உரைநடை வரலாற்றில் நிலைநிறுத்தியது. ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக, அதாவது இருமொழி அறிந்த இடைத்தரகராக, நாள்தோறும் அவரோடு பேசி, அவர் சொன்னதையும் சொல்லாததையும் மாலையில் தமிழில் எழுதி வைத்தார். 1746-இல் பிரெஞ்சுப் படை சென்னைப் பட்டணத்தைப் பிடித்து 1749 வரை வைத்திருந்த கதையையும் அந்தக் குறிப்புகளில் விரிவாகப் படிக்கலாம்.

நைனியப்பரின் முடிவு வேறு மாதிரியானது. 1716-இல் அவரைக் கைது செய்து விசாரித்தார்கள். கம்பெனியோடு அவர் நடத்திய வணிகம் பெரும்பாலும் போர்ச்சுகீசு மொழியில். அந்நாளில் கடற்கரை வணிகத்தின் பொதுமொழி அதுதான். விசாரணையோ பிரெஞ்சில் நடந்தது. தனக்குப் புரியாத மொழியில் தன் தலைவிதி எழுதப்பட்டது என்பது அவர் தரப்பு முறையீட்டின் முக்கியமான குறை. 1717-இல் சிறையிலேயே இறந்தார். தந்தையின் பெயரைத் துடைக்க மகன் குருவப்பப் பிள்ளை கப்பல் ஏறிப் பாரிஸ் போனார். அங்கே ஞானஸ்நானம் பெற்று, ஆட்சிப் பொறுப்பில் இருந்த ஓர்லெயான் கோமகனை ஞானத்தந்தையாகக் கொண்டு, புனித மிக்கேல் வீரர் பட்டத்தோடு திரும்பினார். பல பத்தாண்டுகள் பிரெஞ்சுக்காரர்களோடு பழகிய தகப்பனைக் காப்பாற்ற அந்தப் பழக்கம் மட்டும் போதவில்லை.

பழகும் தூரத்தில் இருப்பது வேறு, அவர்கள் மொழியிலேயே காரியம் நடத்துவது வேறு. இந்த வித்தியாசம் அன்றைய துபாஷிகளுக்கு நன்றாகத் தெரியும். மணலி என்ற ஊர்ப் பெயரைத் தாங்கிய குடும்பமும் அந்தத் தொழிலில் இருந்ததுதான். ஆங்கிலேய ஆளுநர் பிகட்டின் துபாஷியாக இருந்து, இராம நாடகக் கீர்த்தனைகளை எழுதிய அருணாசலக் கவிராயரை ஆதரித்த மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் அந்தக் குடும்பத்தவர். இரண்டு மொழி தெரிந்ததே அந்த வீட்டுக்கு முதலாக இருந்தது.

எதிர்த் திசையில் வந்தவர்களில் ழுயூலியேன் வின்சோன் முக்கியமானவர். 1843-இல் பிறந்த இவர் காரைக்காலில் நீதிபதியாக இருந்த தந்தையோடு அங்கே வளர்ந்தார். தமிழ் அவருக்குத் தெருவிலும் வீட்டிலும் காதில் விழுந்த மொழி. பின்னாளில் பாரிஸின் கீழைமொழிகள் பள்ளியில் பல ஆண்டு தமிழ் கற்பித்தார். இளமையில் அந்த மண்ணிலேயே வாழ்ந்ததும், பிறகு இலக்கணத்தோடு உட்கார்ந்து படித்ததும் சேர்ந்துதான் அவரைத் தமிழாசிரியர் ஆக்கின.

இன்னொரு கூட்டமும் கப்பல் ஏறியது. அவர்களை யாரும் மொழி கற்க அனுப்பவில்லை. பிரான்ஸ் 1848-இல் அடிமை முறையை ஒழித்த பிறகு, புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து தமிழ்க் கூலிகள் ரெயூனியனுக்கும் குவாதலூப்பேக்கும் போனார்கள். ஆங்கிலேயர் ஆண்டாலும் பிரெஞ்சும் அதிலிருந்து கிளைத்த கிரியோலும் புழங்கிய மொரீஷியஸுக்குச் சென்னைத் துறைமுகத்திலிருந்தே ஆட்கள் ஏற்றப்பட்டார்கள். கரும்புத் தோட்டத்தில் இவர்களுக்குக் கிடைத்தது முழுமையான தோய்வு. சில தலைமுறையில் கிரியோல் தாய்மொழி ஆனது. கோயில்களும் காவடியும் பெயர்களும் மிஞ்சின, வீட்டுப் பேச்சில் தமிழ் பெரும்பாலும் போனது. தோய்வு முறை எவ்வளவு வலிமையானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதன் விலை என்ன என்பதற்கும் இதுவே சான்று. மனிதன் வேறு வழியில்லாமல் பேச வேண்டியிருக்கும்போதுதான் அது அந்த வேகத்தில் வேலை செய்கிறது.

ஆய்வாளர்கள் கண்டதும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது.

தோய்வு முறையைக் கல்வியாக நடத்திப் பார்த்த பேர்போன இடம் கனடாவின் மோன்றியலுக்கு அருகிலுள்ள சென்ட் லாம்பர்ட். 1965-இல் அங்கிருந்த ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர், தங்கள் குழந்தைகளுக்கு மழலையர் வகுப்பு முதலே எல்லாப் பாடத்தையும் பிரெஞ்சில் நடத்தக் கேட்டுப் பெற்றார்கள். மெக்கில் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் வாலஸ் லாம்பர்ட் அந்தக் குழந்தைகளை ஆண்டுதோறும் தொடர்ந்து சோதித்தார். அவர்களின் ஆங்கிலமும் கணக்கும் பின்தங்கவில்லை. பிரெஞ்சோ, தனிப் பாடமாகப் படித்த பிள்ளைகளை விட வெகுதூரம் முன்னே போனது. இன்று கனடா முழுவதும் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் அந்த முறையில் படிக்கிறார்கள்.

அதே வகுப்புகளைக் கூர்ந்து கவனித்த மெரில் ஸ்வெயின் 1985-இல் ஒரு குறையையும் சுட்டினார். இந்த மாணவர்கள் கேட்பதிலும் படிப்பதிலும் பிரெஞ்சுக் குழந்தைகளை ஒட்டி வந்துவிட்டார்கள். பேச்சிலும் எழுத்திலும் இலக்கணம் தடுமாறியது. ஆண்டுக்கணக்கில் காதில் விழுந்ததெல்லாம் வாயில் வரவில்லை. கேட்பது மட்டும் போதாது, பேசித் தவறி, திருத்தப்பட்டு, மறுபடி பேச வேண்டும் என்பது அவருடைய முடிவு.

இந்தக் கேள்வியை நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது. பார்பரா ஃப்ரீட், நார்மன் செகலோவிட்ஸ், டான் டியூயி ஆகிய மூவரும் பிரெஞ்சு கற்கும் 28 அமெரிக்க மாணவர்களை மூன்று குழுவாக ஒப்பிட்டார்கள். ஒரு குழு சொந்தக் கல்லூரியில் வழக்கமான வகுப்பில் படித்தது. ஒரு குழு ஒரு பருவம் பாரிஸில் தங்கிப் படித்தது. மூன்றாவது குழு அமெரிக்காவிலேயே ஒரு கோடைகாலத் தீவிர முகாமில் இருந்தது. அங்கே விடுதி, சாப்பாடு, விளையாட்டு எல்லாமே பிரெஞ்சில். பேச்சின் சரளத்தில் மிகுதியாக முன்னேறியது பாரிஸுக்குப் போன குழு அல்ல, முகாமில் இருந்த குழு. காரணத்தை மாணவர்களின் வாரக் கணக்கே சொன்னது. முகாமில் இருந்தவர்கள் பிரெஞ்சில் பேசியதும் எழுதியதும் பல மடங்கு அதிக நேரம். பாரிஸில் இருந்தவர்கள் வகுப்புக்கு வெளியே பிரெஞ்சை விட ஆங்கிலத்தையே கூடுதலாகப் பயன்படுத்தியிருந்தார்கள்.

மொழி ஆய்வாளர் ராபர்ட் டிகெய்சர் இதோடு இன்னொன்றைச் சேர்க்கிறார். அடிப்படை இலக்கணம் கைவராமல் போகிறவர், அந்த ஊரில் கிடைக்கும் பயிற்சியைப் பயன்படுத்திக்கொள்ள முடியாமல் திணறுகிறார். எதிரே இருப்பவர் பேசுவதில் பாதியாவது பிடிபட்டால்தான் மீதியை ஊகிக்க முடியும். எதுவுமே பிடிபடாதபோது மனம் சோர்ந்து, தன் மொழிக்காரரைத் தேடிப் போய்விடுகிறது. பிரான்ஸில் படித்த அமெரிக்க மாணவர்களைத் தொடர்ந்து கவனித்த செலஸ்ட் கிங்கிஞ்சரும், ஒரே ஊரில் ஒரே காலம் தங்கியவர்களிடையே முன்னேற்றம் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபட்டதைப் பதிவு செய்திருக்கிறார்.

இது எப்படி நடக்கும் என்பதற்குப் பாரிஸில் தமிழர் அறிந்த இடமே இருக்கிறது. வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால், லா ஷப்பேல் பகுதியில், ஃபோபூர் சென்-தெனி தெரு நெடுகத் தமிழ்ப் பெயர்ப் பலகைகள். காய்கறிக் கடை, நகைக் கடை, சலூன், பயண முகவர், இட்லி தோசை எல்லாம் உண்டு. 1985-இல் நிறுவப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர் ஆண்டுதோறும் கோடையின் முடிவில் அந்தத் தெருக்களில் வலம் வருகிறது. 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்த ஈழத் தமிழர்கள் கட்டியெழுப்பிய உலகம் அது. தலைக்கு மேல் கூரையும் கைக்கு ஒரு வேலையும் தேடித் தந்த அந்தத் தெருவுக்கு எத்தனையோ குடும்பங்கள் கடன்பட்டிருக்கின்றன.

அதே தெரு, பிரெஞ்சு இல்லாமலும் நாளைக் கடத்த வழி செய்துவிடுகிறது. உணவக அடுக்களையில் இரவு வேலை, உடன் வேலை பார்ப்பவர் தமிழர், அறையில் தங்குபவர் தமிழர், தபால் அலுவலகக் காகிதத்தை நிரப்பித் தர ஒரு தமிழர். இப்படி இருபது ஆண்டு ஓடிய பிறகும் மருத்துவரிடம் போகும்போது பிள்ளையை அழைத்துப் போகும் பெற்றோர் உண்டு. அந்தப் பிள்ளையோ பள்ளியில் சேர்ந்த ஓராண்டு ஈராண்டில் பிரெஞ்சு பேசத் தொடங்கிவிட்டது. பிரெஞ்சு அறியாமல் வரும் மாணவர்களுக்கு அரசுப் பள்ளிகளில் தனி வகுப்பு உண்டு. மீதி நேரம் சக மாணவர்களோடு பேசியே ஆக வேண்டும். ஒரே வீடு, ஒரே ஊர். தகப்பனின் வேலையில் பேச்சு தேவைப்படவில்லை, பிள்ளையின் வகுப்பில் தேவைப்பட்டது. மோன்றியலிலும் இதே கதைதான். 1977-இல் கியூபெக் கொண்டுவந்த 101-ஆம் சட்டம் குடியேறியவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளியில் படிப்பதைக் கட்டாயமாக்கியதால், அங்கு வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றிலும் தாவித் தாவிப் பேசுகிறார்கள். பிரான்ஸிலோ வார இறுதியில் 'தமிழ்ச்சோலை' பள்ளிகள் நடக்கின்றன. ரெயூனியனில் நடந்தது தங்கள் வீட்டில் நடக்கக் கூடாது என்ற கவலை அந்தப் பெற்றோருக்கு இருக்கிறது.

மணலிக்காரர்கள் இந்தப் பாடத்தைக் கற்கப் பாரிஸ் வரை போகவும் வேண்டாம். மணலி, எண்ணூர், மீஞ்சூர் பகுதி ஆலைகளுக்கும் சரக்குப் பெட்டகக் கிடங்குகளுக்கும் பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து வந்த தொழிலாளர்களைப் பாருங்கள். ஒப்பந்தக்காரர் கட்டிய தகரக் கொட்டகையில் சொந்த ஊர்க்காரர்களோடு தங்கி, இந்தி பேசும் மேஸ்திரியின் கீழ் வேலை செய்கிறவர் சில ஆண்டு கழித்தும் 'வா, போ, எவ்ளோ' என்பதைத் தாண்டுவதில்லை. டீக்கடையில் கிளாஸ் கழுவச் சேர்ந்தவர், சலூனில் கத்தரி பிடிப்பவர், பரோட்டாக் கல்லின் முன் நிற்பவர் ஆகியோர் ஒரே ஆண்டில் வாடிக்கையாளரோடு கிண்டல் பேசும் அளவுக்குத் தமிழ் பிடித்துவிடுகிறார்கள். அறிவிலோ முயற்சியிலோ யாரும் யாருக்கும் குறைந்தவர் இல்லை. ஒருவரின் வயிற்றுப்பாடு தமிழ் பேசுவதில் இருக்கிறது, மற்றவருடையது இல்லை.

இனி நம் கையில் இருக்கும் பிரெஞ்சு என்ன என்று பார்க்கலாம். தமிழ்நாட்டில் பிளஸ் ஒன், பிளஸ் டூவில் பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுப்பவர்கள் பலர், சென்னையில் இன்னும் அதிகம். மதிப்பெண் கூடுதலாக வரும் என்பதே பெரும்பாலானோர் சொல்லும் காரணம். வினைத் திரிபுகளை மனப்பாடம் செய்து, பாடப் பகுதியை ஆங்கிலத்தில் புரிந்துகொண்டு, தேர்வில் நூற்றை நெருங்கலாம். இரண்டு ஆண்டு முடித்த மாணவரிடம் பிரெஞ்சில் நேரம் கேட்டால் பதில் வராமல் போவது சாதாரணம். பிழை மாணவர் மேல் இல்லை. பேச்சுக்கு மதிப்பெண் இல்லாத இடத்தில் யாரும் பேசிப் பழக மாட்டார்கள். ஆனாலும் அந்த இரண்டு ஆண்டு வீண் போனதாகக் கருத வேண்டியதில்லை. டிகெய்சர் சொல்லும் இலக்கண அடித்தளத்தில் பாதி அங்கே போடப்பட்டிருக்கிறது. அதன் மேல் பேச்சைக் கட்ட யாரும் சொல்லித் தரவில்லை என்பதுதான் குறை.

தமிழ் பேசுபவருக்குச் சில வசதிகளும் உண்டு. எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று என்ற வழக்கம் நமக்குப் பழகியது. பிரெஞ்சிலும் புத்தக நடைக்கும் தெருப் பேச்சுக்கும் தூரம் அதிகம். எதிர்மறையில் எழுதும் இரண்டு சொற்களில் ஒன்றைப் பேச்சில் விழுங்கிவிடுவார்கள். வார்த்தைகள் ஒட்டிக்கொள்ளும், கடைசி மெய்கள் மறையும். பலரையும் திணற வைக்கும் மூக்கொலி உயிர்களும் நமக்கு அந்நியமில்லை. 'மரம்', 'பணம்' என்று பேச்சில் சொல்லும்போது கடைசி மகரம் மூக்கில் கரைவதைக் கவனித்தால் தெரியும். சொல்லின் தொடக்கத்தில் வரும் வல்லொலியையும் மெல்லொலியையும் பிரித்துச் சொல்வதும், உதட்டைக் குவித்து 'இ' சொல்வது போன்ற உயிரும்தான் நமக்குக் கூடுதல் பயிற்சி கேட்பவை. இவற்றை ஓர் ஆசிரியர் பக்கத்தில் இருந்து திருத்தினால் சில வாரத்தில் சரிசெய்யலாம். திருத்தாமல் பழகிவிட்டால் பாரிஸிலும் அப்படியே நிற்கும்.

செலவுக் கணக்கு இதைவிடக் கறாரானது. பிரான்ஸுக்கு நீண்டகால மாணவர் விசா கேட்பவர் மாதம் 615 யூரோ வீதம் கையிருப்பு காட்ட வேண்டும். ஓர் ஆண்டுக்கு 7,380 யூரோ. யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 7,38,000 ரூபாய். இது குறைந்தபட்ச வாழ்க்கைச் செலவு மட்டும். கல்விக் கட்டணமும் விமானச் செலவும் தனி. பாரிஸில் அறை வாடகையே இதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். மாணவர்கள் ஆண்டுக்கு 964 மணி நேரம் வேலை செய்யச் சட்டம் இடம் தருகிறது, வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரம் அளவில். மொழி தெரியாதவருக்குக் கிடைப்பது தட்டுக் கழுவும் வேலையும் பெட்டி தூக்கும் வேலையும். அங்கே பேச்சு குறைவு. பி1 உள்ளவருக்குக் கடைக் கல்லாவும் உணவக மேசையும் திறக்கின்றன. அங்கே நாள் முழுவதும் பேச்சு. அதாவது மொழியோடு போகிறவருக்கே மொழி வளரும் வேலை கிடைக்கிறது.

ஏ1 வகுப்பை ஐரோப்பிய வாடகை கொடுத்துப் படிப்பதைப் போல வீண் செலவு வேறில்லை. அதே பாடம், அதே புத்தகம் சென்னையிலும் கிடைக்கிறது. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் 1953 முதல் இயங்கும் மதராஸ் அலியான்ஸ் பிரான்சேஸ் எல்லா நிலைகளுக்கும் வகுப்பு நடத்துகிறது. பிரெஞ்சுத் திறனுக்கான டெல்ஃப் சான்றிதழை ஒருமுறை பெற்றால் ஆயுளுக்கும் செல்லும். குடியேற்றத்துக்கான டெஃப், டிசிஎஃப் தேர்வு முடிவுகள் இரண்டு ஆண்டே செல்லும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். வாரம் ஆறு மணி நேரம் வகுப்பு என்றால் 400 மணி நேரத்தை முடிக்க ஒன்றேகால் ஆண்டு ஆகும். வேலையையோ கல்லூரியையோ விடாமல் செய்யக்கூடிய காரியம்தான்.

வடசென்னைக்கு இதில் தனிச் சிரமம் உண்டு. மணலியிலிருந்து கல்லூரிச் சாலைக்குப் போய்த் திரும்பவே மாலை முழுவதும் போய்விடும். 2021-இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தது திருவொற்றியூருக்குப் பெரிய உதவி. மணலிக்காரர் அந்த நிலையத்தை அடையவே கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு தனிப் பயணம் போக வேண்டும். பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு பரவலான இணைய வகுப்புகள் இந்தத் தூரத்தைப் பாதியாவது குறைத்திருக்கின்றன. ஆனால் இணைய வகுப்பில் முப்பது பேரில் ஒருவராக மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் ஸ்வெயின் சுட்டிய குறைதான் மிஞ்சும். சிறு குழுவாக, ஒவ்வொருவரும் பேசியே ஆக வேண்டிய வகுப்பைத் தேட வேண்டும்.

நடுவழியில் ஒரு நல்ல நிறுத்தம் புதுச்சேரி. மணலியிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர் சுற்றில் இருக்கும் அந்த ஊரில் 1826-இல் தொடங்கிய பிரெஞ்சு லிசே பள்ளி இன்றும் நடக்கிறது. 1955-இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் உண்டு. 1962-இல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த தமிழ்க் குடும்பங்களின் வாரிசுகள் இருக்கிறார்கள். புதுச்சேரித் தெருவில் பிரெஞ்சு பேசி வாழ்ந்துவிட முடியாது. அங்கேயும் தமிழ்தான் பேச்சு. ஆனால் விடுமுறையில் ஒரு மாதம் தங்கித் தீவிர வகுப்பு எடுத்து, நூலகத்தில் உட்கார்ந்து, திரையிடலுக்குப் போய், பேசத் தயங்கும் கூச்சத்தை அங்கேயே உடைத்துவிட்டு வரலாம்.

அதன் பிறகு வெளிநாடு. போகும்போது பாரிஸ்தான் வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டியதில்லை. வெளிநாட்டவருக்குப் பிரெஞ்சு கற்பிப்பதில் பழுத்த நிறுவனங்கள் பல சிறு நகரங்களில் இருக்கின்றன. துர் நகரின் துரேன் நிறுவனம் 1912 முதல் இயங்குகிறது. பெசான்சோன் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு மொழியியல் மையம் 1958-இலும், விஷியின் காவிலாம் 1964-இலும் தொடங்கியவை. இத்தகைய ஊர்களில் வாடகை குறைவு, தமிழ்க் கடைத்தெரு இல்லை, ஆங்கிலத்தில் பதில் சொல்லத் துடிக்கும் கடைக்காரரும் குறைவு. பதினெட்டு முதல் முப்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கு, ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தில் தங்கிக் குழந்தைகளைக் கவனித்துக்கொண்டே மொழி வகுப்புக்குப் போகும் 'ஓ பேர்' விசாவும் 2019 முதல் தனியாக இருக்கிறது. வாரம் 25 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பது விதி. நான்கு வயதுக் குழந்தை தவறான பாலில் பேசியதை உடனே திருத்திவிடும். அவ்வளவு பொறுமையான ஆசிரியர் வேறெங்கும் கிடைப்பதில்லை.

ஆங்கிலத்தில் நடக்கும் மேலாண்மைப் படிப்புக்குப் பாரிஸ் போகிறவர்கள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். வகுப்பு ஆங்கிலம், உடன் படிப்பவர்களில் பலர் இந்தியர், அறைத்தோழர் தமிழர் என்றால், 2004 ஆய்வின் பாரிஸ் குழு இருந்த நிலைதான் அவர்கள் நிலையும். படிப்பு முடிந்து வேலை தேடும் நாளில், நேர்காணல் பிரெஞ்சில் என்று தெரிய வரும்போது இரண்டு ஆண்டு கைநழுவியிருக்கும்.

ஆக, வெளிநாட்டில் வாழ்ந்து கற்பது உண்மையிலேயே பலன் தருகிறது. ஆனால் அது மொழியைத் தொடங்கி வைக்கும் முறை அல்ல, தொடங்கியதை வளர்த்தெடுக்கும் முறை. பி1 நிலையோடு போய், பேசாமல் பிழைக்க முடியாத ஓர் ஊரையும் வேலையையும் தேர்ந்தெடுக்கிறவருக்கு ஓர் ஆண்டு தருவதை, வெறுங்கையோடு போய் நம்மவர் நடுவில் தங்குகிறவருக்குப் பத்து ஆண்டும் தராது. கடன் வாங்கி அனுப்பும் பெற்றோர் கன்சல்டன்சியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி எந்தக் கல்லூரி என்பதல்ல. கிளம்பும் நாளில் பிள்ளை எந்த நிலையில் தேறியிருக்கும், அங்கே ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பிரெஞ்சில் பேச வேண்டியிருக்கும் என்ற இரண்டையும்தான் கேட்க வேண்டும்.

அரசும் நிறுவனங்களும் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. வடக்கே தேர்வாய்க் கண்டிகையில் மிஷ்லின் டயர் ஆலை, மேற்கே திருப்பெரும்புதூரில் சென் கோபேன் கண்ணாடி ஆலை, ஒரகடத்தில் ரெனோ கார் ஆலை என்று பிரெஞ்சு முதலீடு இந்த மாவட்டங்களைச் சுற்றிலும் நிற்கிறது. மணலியிலும் திருவொற்றியூரிலும் பிரெஞ்சுக்கு ஒரு நல்ல மாலை வகுப்பு வேண்டும். 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் ஓர் அரசுக் கல்லூரி வளாகத்திலோ, மாநகராட்சிப் பள்ளி ஒன்றின் கட்டடத்திலோ, அலியான்ஸ் போன்ற நிறுவனத்தின் ஆசிரியர்களைக் கொண்டு பி1 வரை குறைந்த கட்டணத்தில் கற்பிக்கும் மையம் ஒன்றை இங்கே தொடங்க வேண்டும். வடசென்னை மக்கள் பிரதிநிதிகளும் கல்லூரி முதல்வர்களும் இதைக் கேட்டுப் பெற்றுத் தர வேண்டும்.